அறுபது சால் தண்ணீர்

தங்கவேல் ஏம்பலத்திலிருந்து வில்லியனூருக்கு மூன்று முறை நடந்த பிறகுதான் அமுதம் டீச்சர் சரி சொன்னாள். ரயில்வே குமாஸ்தாவின் மனைவி அவள். வீட்டிலேயே நாலைந்து பெண்களுக்குப் பாட்டு சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தாள். கழனிக்காரன் வீட்டுப் பெண் வாரம் தவறாமல் வருவாளா என்று முதல் தடவை சந்தேகப்பட்டாள். இரண்டாம் தடவை வீட்டில் விருந்தாளிகள். மூன்றாம் தடவை அவன் மகள் ஆண்டாளையே கூட்டிப்போய் வாசலில் நிறுத்திப் பாடச் சொன்னான். பதினொரு வயதுப் பெண்ணுக்குத் தெரிந்தது ஏற்றப்பாட்டுதான். அரிசி களைந்துகொண்டிருந்த டீச்சர் ஈரக் கையோடு வெளியே வந்தாள். வெள்ளிக்கிழமை தோறும் மத்தியானம் வர வேண்டும், தினமும் ஒரு மணி நேரம் சாதகம் செய்ய வேண்டும், இரண்டில் எது தவறினாலும் நிறுத்திவிடுவேன் என்றாள்.

வெள்ளிக்கிழமை சிரமமாக இல்லை. சாதகம்தான் வீட்டில் நடக்கவில்லை. பெண் பார்க்க வருகிறவன் காதில் விழுந்தால் இது கூத்தாடி வீடா என்று கேட்பான் என்றாள் அவன் மனைவி விருத்தாம்பாள். கூரைக்குக் கீழே ஆண்டாள் வாயைத் திறக்கக் கூடாது என்று முடிவாகச் சொல்லிவிட்டாள். ஆகவே சாதகம் கிணற்றடிக்குப் போயிற்று.

அந்தக் கிணற்றில் பாதிப் பங்கு தங்கவேலுக்கு, பாதி அவன் பெரியப்பா மகன் கலியபெருமாளுக்கு. விடியற்காலையில் தங்கவேல் ஏற்ற வாளியில் முந்நூறு சால் இறைத்துக்கொள்வான். வெயில் ஏறியதும் கலியபெருமாள் முந்நூறு. கூலிக்கு வரும் பக்கிரி ஏற்ற மரத்தின் மேல் முன்னும் பின்னும் நடப்பான். தங்கவேல் கீழே நின்று, மேலே வரும் சாலைப் பிடித்து வாய்க்காலில் கவிழ்ப்பான். கணக்கு வைப்பது பாட்டு. ஒரு சாலுக்கு ஓர் அடி, அந்த அடியிலேயே அதன் எண்ணும் வந்துவிடும். முன்பெல்லாம் அவனே பாடுவான். இருமல் வந்து தொண்டை போனதிலிருந்து, இரண்டு வருடமாக, ஆண்டாள் பாடினாள். அவள் முந்நூறு என்று முடித்தால் முந்நூறுதான். அந்தப் பங்காளிகள் வரப்புக்கும் வைக்கோலுக்கும் சண்டை போட்டிருக்கிறார்கள். குழந்தையின் எண்ணிக்கையை ஒருநாளும் சந்தேகப்பட்டதில்லை.

பிரெஞ்சுக்காரன் ஊரை விட்டுப் போன மூன்றாம் வருடப் பங்குனியில் கிணறு அடிமட்டத்துக்கு இறங்கியது. நவரைப் பட்டத்து நெல் பால் பிடிக்கும் சமயம். தங்கவேலின் கடைசிக் கழனிக்குத் தண்ணீர் எட்டவே இல்லை.

அந்த வார வெள்ளிக்கிழமை டீச்சர் சங்கதி போடக் கற்றுக்கொடுத்திருந்தாள். ஓர் அடியைப் பாடிவிட்டுத் தாண்டிப் போய்விடக் கூடாது. அதையே கொஞ்சம் மாற்றி, பிறகு இன்னும் கொஞ்சம் மாற்றிப் பாட வேண்டும். மறுநாள் விடியலில் ஆண்டாள் பத்தாவது அடியை மூன்று விதமாகப் பாடினாள். பாட்டோடு சாலும் மூன்று முறை ஏறியது. இருபதிலும் அப்படி, முப்பதிலும் அப்படி. முடிந்ததும் அவளே வந்து கேட்டாள்.

"ஒவ்வொரு பத்துக்கும் மூணு வாட்டி பாடிட்டேன்பா. எண்ணிக்க தப்பாயிடாதா?"

தங்கவேல் வாய்க்காலின் கடைசியைப் பார்த்தான். வெடித்துக் கிடந்த கழனிக்குள் தண்ணீர் அப்போதுதான் நுழைந்துகொண்டிருந்தது.

"நீ பாடு. நான் எண்ணிக்கறேன்" என்றான்.

எண்ணத்தான் செய்தான். முந்நூற்றறுபது. ஒன்பது நாளும் முந்நூற்றறுபது. ஐந்தாம் நாள் பக்கிரி மரத்திலிருந்து இறங்கி முட்டியைப் பிடித்துக்கொண்டான்.

"முந்நூறு இன்னாண்ணே இவ்ளோ நீளம்? காலு வுட்டுப்போவுது."

"வெயிலுடா."

சூரியன் இன்னும் கிளம்பியிருக்கவில்லை. பக்கிரி கிழக்கே ஒரு பார்வை பார்த்துவிட்டு முட்டியைத் தேய்த்துக்கொண்டான்.

ஒன்பதாம் நாள், கடைசிச் சால் கவிழ்ந்ததும், பூவரச மரத்துக்குப் பின்னாலிருந்து கலியபெருமாள் எழுந்து வந்தான். ஒரு வாரமாக அவன் முறையில் இருநூற்று நாற்பதைத் தாண்டினால் சால் சேற்றை அள்ளிக்கொண்டு வந்தது. அதனால் அன்று இருட்டோடு வந்து உட்கார்ந்து, சாலுக்கு ஒரு புளியங்கொட்டையாகத் துண்டில் போட்டுக்கொண்டே இருந்திருக்கிறான். துண்டை ஆண்டாள் முன்னால் விரித்தான்.

"கச்சேரி ஜோரா இருந்திச்சி. முந்நூத்தி அறுவது கொட்ட. நீயே எண்ணிப் பாரு பாப்பா."

டீச்சர் அப்படிப் பாடச் சொன்னார் என்று சொல்லி, ஆண்டாள் சங்கதி என்றால் என்ன என்பதையும் விளக்கினாள். கலியபெருமாள் கேட்டுவிட்டுச் சிரித்தான்.

"ஒரு அடிக்கு மூணு சால் தண்ணி. எனக்கும் ஒரு பொண்ணு பொறந்திருந்தா அனுப்பியிருப்பேன்." பிறகு தங்கவேலிடம் திரும்பினான். "உனக்குத் தெரியுமா, தெரியாதா? அத மட்டும் சொல்லு."

ஆண்டாளும் அப்பாவைப் பார்த்தாள். பதில் அவரிடம் இருக்கிறது என்பதுபோல் நின்றாள். பக்கிரி குனிந்து காலிலிருந்த சேற்றைச் சுரண்டிக்கொண்டிருந்தான்.

"எனக்கு இன்னாண்ணே தெரியும்? அவ பாடுறா, நான் கவுக்கறேன். எல்லாம் அந்தப் பாட்டு கிளாசால வந்த வென. நாளையிலேருந்து நிறுத்திடறேன்."

கலியபெருமாள் பாட்டை நிறுத்தச் சொல்லவில்லை. அவனுக்கு வேண்டியது தண்ணீர். இன்னும் ஒன்பது நாளைக்கு நீ இருநூற்று நாற்பதோடு நின்றுகொள், சரியாகிவிடும் என்றான். பெண் பாட்டு கற்றுக்கொள்ளட்டும், கிணற்றில் மட்டும் வேண்டாம் என்றும் சொன்னான். தங்கவேல்தான் விடவில்லை. நிறுத்தியே தீருவேன் என்று மறுபடி மறுபடி சொன்னான். கிளாஸ் தொடர்ந்தால் குற்றம் அங்கே இல்லை என்றாகிவிடும். பிறகு அது எங்கே வந்து நிற்கும் என்று அவனுக்குத் தெரியும்.

வெள்ளிக்கிழமை தனியாக வில்லியனூருக்குப் போனான். சாதகம் தவறிவிட்டதா என்று டீச்சர் கேட்டாள். இல்லை என்றான். பின்னே என்ன என்றாள். வீட்டுக்காரி ஒத்துக்கொள்ளவில்லை என்றான். தன்னிடம் படிக்கிற மற்ற பெண்கள் எல்லோரையும் சேர்த்தாலும் இவள் காதுக்கு ஈடு வராது என்றாள் டீச்சர். அம்மாதான் தடை என்றால் நானே ஏம்பலம் வந்து பேசுகிறேன் என்றாள். அவன் அவசரமாக, வேண்டாம், வேண்டாம் என்று படியிறங்கினான்.

வீட்டுக்கு வந்தபோது விருத்தாம்பாள் திருப்தியாக இருந்தாள். பெண்ணுக்கே பாட்டுப் பிடிக்கவில்லையாம், நான் அப்போதே சொன்னேன் என்றாள். ஆண்டாள் அம்மாவிடம் அப்படித்தான் சொல்லியிருந்தாள். கிணற்றடியில் நடந்ததில் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

அவள் கொல்லையில் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். தங்கவேல் போய்ப் பக்கத்தில் நின்றான். அறுப்பு முடியட்டும், மறுபடி டீச்சரிடம் போகலாம் என்று மெதுவாகச் சொன்னான்.

ஆண்டாள் பாவாடையைப் பிழிந்து கொடியில் போட்டாள்.

"அப்ப பெரியப்பாகிட்ட இன்னான்னு சொல்லுவ?"

அறுப்புக்கு இன்னும் இருபது நாள் இருக்கிறது என்றான் தங்கவேல். அவள் கேட்டது அது இல்லை.