மூன்று கட்டைச் சாட்சி

பாக்கியவதிக்கு ஒன்றும் விளங்கவில்லை. போன குரல் திரும்பி வந்திருக்கிறது, ஊரே சந்தோஷப்படுகிறது. கூடப் பாடி வாசிக்கிற மூன்று பேர் மட்டும் ஏன் களவு செய்து பிடிபட்டவர்களைப் போல முழிக்கிறார்கள்?

பாளையங்கோட்டைக்குக் கிழக்கே, ஆற்றங்கரையை ஒட்டிய கிறிஸ்தவ ஊர் தயாபுரம். அங்கே வேதக்கோவிலில் கீர்த்தனைக்கு மொத்தம் நாலு பேர். பிடில், பள்ளிக்கூடத்து வாத்தியார் தேவதாசன். மிருதங்கம், நேசையா. பாட்டுக்குப் பாக்கியவதியும், அவளைவிடப் பத்து வயது இளைய யூனிஸும். சும்மா சொல்லக்கூடாது, பாக்கியவதி சரணத்தை எடுத்து மேலே நிறுத்தினால் அக்கரையில் நடுகை நடுகிற பெண்கள் நிமிர்ந்து பார்ப்பார்கள். அப்பேர்ப்பட்ட குரல், 1911-ஆம் வருஷத்து வாந்திபேதியில் மூத்த மகளைப் புதைத்துவிட்டு வந்த அன்றோடு போயிற்று. பேசலாம், கீழே பாடலாம். மேலே ஏறினால் தொண்டை அடைத்துக்கொள்ளும். ஞாயிறுதோறும் சரணத்தில் குரல் உடையும், யூனிஸ் எடுத்துப் பாடி முடிப்பாள், இவள் தரையைப் பார்த்துக்கொண்டு நிற்பாள். பிள்ளை போன துக்கம் போதாதென்று இந்த அவமானம் வேறா? இனிக் கோவிலில் வாயே திறப்பதில்லை என்று தீர்மானித்துவிட்டாள். பாட்டையும் விட்டுவிட்டால் அந்த வீட்டுக்குள் உட்கார்ந்து சுவரைப் பார்க்கத்தான் வேண்டும். அதுவும் அவளுக்குத் தெரியும்.

இன்னும் ஒரே ஒரு வாரம் பார்ப்போம் என்று போனாள். அன்றைக்குத் தொண்டை கொஞ்சம் வழிவிட்டது. அடுத்த வாரம் பாதிச் சரணம் வந்தது. மூன்றாவது வாரம் முழுவதும் வந்துவிட்டது! மனுஷி சும்மா இருப்பாளா? ஆராதனை நடுவில் எழுந்து, செத்துக் கிடந்த என் குரலைக் கர்த்தர் எழுப்பித் தந்தார் என்று சபைக்கு முன்னால் சாட்சி சொல்லிவிட்டாள். முட்டையிடுகிற பெட்டைக்கோழியைக் கொண்டுபோய்க் காணிக்கையாக வைத்தாள். பெண்கள் முந்தானையால் கண்ணைத் துடைத்தார்கள். கோவிலை நடத்துகிற உபதேசியார் அல்லேலூயா என்றார். யூனிஸ் மட்டும் தலையைக் குனிந்து பாயின் ஓரத்தைப் பிய்த்துக்கொண்டிருந்தாள்.

அங்கே பிடித்தது குழப்பம். கொஞ்ச நாளாக நேசையா பெரிய மிருதங்கம் ஒன்றைச் சுமந்துகொண்டு வருகிறார். கேட்டால், பழசு தோல் கிழிந்துவிட்டது என்கிறார். மோர் கொடுக்க அவர் வீட்டுக்குப் போனால், பழசு ஆணியில் தொங்குகிறது, தோலில் ஒரு கீறல் இல்லை. கணீரென்று பாடுகிற யூனிஸ் இப்போது கீழ் வரிகளில் உறுமுகிறாள். ஆம்பளைக் குரல் வந்துவிட்டது என்று பெண்கள் அவளைக் கேலி பண்ணுகிறார்கள், அவளும் கேட்டுக்கொண்டு போகிறாள். ஒரு வியாழக்கிழமை சாயங்காலம் தண்ணீர்க் குடத்தோடு வரும்போது பள்ளிக்கூடத்துக்குள் மூன்று பேரும் பாடி வாசிப்பது கேட்டது. இவளைக் கூப்பிடவில்லை. எட்டிப் பார்த்ததும் பாட்டு நின்றது. வாத்தியார் அவசர அவசரமாகப் பிடிலுக்கு உறை போட்டார்.

என்னைக் கழித்துவிடப் பார்க்கிறார்களோ? குரல் போனபோது கழிக்காதவர்கள் வந்த பிறகா கழிப்பார்கள்? யூனிஸுக்குப் பொறாமையோ? செத்த பிள்ளையின் உடம்பைக் குளிப்பாட்டித் தலைசீவி விட்டவள் அவள்தானே. நினைக்க நினைக்கப் பாக்கியவதிக்கு மண்டை காய்ந்தது.

ஊரே சேர்ந்து சமைத்து உண்ணுகிற அசனப் பண்டிகை வந்தது. அன்றைக்கு வாசிக்கப் பாளையங்கோட்டையிலிருந்து ஜேசுதாசன் என்பவர் போன வருஷம் போலவே ஆர்மோனியப் பெட்டியோடு வந்திருந்தார். ஆராதனைக்கு முன்னால் வேப்பமரத்தடியில் உட்கார்ந்து சுருதி சேர்த்தார்கள். அந்த மனிதர் பிடிலைக் கேட்டார், பெட்டியில் ஒரு கட்டையை அமுக்கிப் பார்த்தார், சிரித்தார்.

"வாத்தியாரே, போன வருசம் அஞ்சு கட்டை சுருதியில பாடுனவிய, இப்ப என்ன மூணுல வந்து கெடக்கிய?"

நேசையா மிருதங்க வாரை இழுத்து இழுத்துப் பார்த்தார். பாக்கியவதி ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். குரல் ஏறவே இல்லை, பாட்டுத்தான் இறங்கியிருக்கிறது, இறங்கிய சுருதிக்குத்தான் அந்தப் பெரிய மிருதங்கம் என்பது அவளுக்கு மெதுவாகத்தான் உறைத்தது.

யூனிஸ்தான் வாயைத் திறந்தாள். "நீங்க பாட்டை விட்டுட்டு வீட்டோட இருந்துருவியன்னு பயந்துட்டோம்க்கா. அதான் வாரா வாரம் பைய இறக்குனோம். நீங்க எந்திரிச்சு சாட்சி சொல்லுவியன்னு யாரு கண்டா? பொறவு எப்படிச் சொல்ல?"

கோபம் முதலில் வந்ததா அழுகை முதலில் வந்ததா, பாக்கியவதிக்கே தெரியாது. அப்படியானால் சந்நிதியில் நின்று சபைக்குப் பொய் சொல்லியிருக்கிறாள். ஆனால் அன்றைக்கு உள்ளே பொங்கியது பொய்யில்லையே. வாத்தியாரைப் பார்த்தாள். மணி அடித்துவிட்டது.

சாட்சி நேரத்தில் அவள் எழுந்தாள்.

"அன்னைக்கு நான் சொன்னது தப்பு," என்றாள். "என் குரல் வரலை. என்னால மேல ஏற முடியலைன்னு இவிய மூணு பேரும் எனக்காகக் கீழ எறங்கி வந்திருக்காவ. எனக்கே இன்னைக்குத்தான் தெரியும்." உட்காரப் போனவள் நின்றாள். "கர்த்தர் செஞ்சாரா, இவிய செஞ்சாவளான்னு எனக்குப் பிரிச்சுச் சொல்லத் தெரியல."

உபதேசியார் பாவம், இதைச் சாட்சியாக எடுப்பதா பாவ அறிக்கையாக எடுப்பதா என்று திணறிப்போனார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு ஆமென் என்றார். என்னத்துக்கு என்று தெரியாமலே சபையும் ஆமென் சொன்னது.

பாக்கியவதி பாட்டுக்காரர்கள் பக்கம் திரும்பி, அஞ்சு கட்டையிலேயே வையுங்கள், சரணத்தை இனி யூனிஸ் பாடட்டும், நான் பல்லவிக்குக் கூட வருகிறேன் என்று சொல்லிவிட்டாள். வாத்தியார் பிடிலை முறுக்கி ஏற்றினார். இத்தனை நாள் அடக்கி வைத்த குரல், பிய்த்துக்கொண்டு போகும் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். யூனிஸ் வாயைத் திறந்தாள். விம்மல்தான் வந்தது. இரண்டாம் தரமும் அதே விம்மல். சபை முழுக்க அவளையே பார்த்தது. அவள் தரையைப் பார்த்தாள்.

பாக்கியவதி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"கொஞ்சம் இறக்குங்க வாத்தியாரே," என்றாள். "இவளுக்கு முடியலை."