பேசித் தீர்க்க மூன்று வழி

ஜாக்குலின் பன்னிரண்டு வருடமாக ஆம்புலன்ஸில் வேலை பார்க்கிறவள். திண்டிவனத்துக்கும் விழுப்புரத்துக்கும் நடுவே நெடுஞ்சாலையில் அடிபட்டுக் கிடப்பவர்களைத் தூக்கி ஏற்றி, போய்ச் சேரும்வரை மூச்சு நிற்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். முண்டியம்பாக்கம் ஆஸ்பத்திரியா, புதுச்சேரியா என்று டிரைவர் கேட்டு முடிப்பதற்குள் பதில் சொல்லிவிடுவாள். அப்படிப்பட்டவள், விழுப்புரத்தில் மனநல டாக்டர் மலர்விழியின் முன்னால் கால்மணி நேரமாக எதையும் சொல்ல முடியாமல் உட்கார்ந்திருந்தாள்.

"மாத்திரை பாதி வேலைதான் செய்யும்மா. மீதிக்குப் பேசணும்," என்றார் டாக்டர்.

பேசுவதிலும் வகை இருந்தது. மனதில் வரும் எண்ணத்தை நோட்டில் எழுதி, அது சரிதானா என்று அலசிப் பார்ப்பது ஒன்று. எதையும் திருத்தாமல், அவசரப்படுத்தாமல், சொல்வதை ஒருவர் கேட்டுக்கொண்டே இருப்பது இன்னொன்று. மூன்றாவது, எது நடந்ததோ அதற்குள்ளேயே திரும்பப் போய், முதலிலிருந்து கடைசிவரை, பயம் தேயும் மட்டும் திரும்பத் திரும்பச் சொல்வது.

"நீங்களே ஒண்ணு சொல்லிடுங்க மேடம்."

"சொல்லலாம். ஆனா வாராவாரம் போய் உக்காரப் போறது நீங்கதான். யோசிச்சிட்டு வாங்க."

யோசிப்பதற்குத்தான் தெம்பு இல்லை. ஆறு மாதமாகக் குழம்பில் உப்புப் போட்டோமா என்பதே அவளுக்கு நினைவிருப்பதில்லை. திண்டிவனத்தில் எலக்ட்ரீஷியன் வேலை பார்க்கும் அவள் கணவன் ஜூட், ராத்திரிச் சாப்பாட்டின்போது கேட்டான்.

"டாக்டரு என்னா சொன்னாங்க?"

"மூணு இருக்குதாம். ஒண்ணு எடுத்துக்கணுமாம்."

"எதுனா ஒண்ணு எடுத்துக்கயேன். எவ்ளோ நாளு இப்படியே பேஜாரு பட்டுக்கினு இருப்ப?"

அவன் கோபமாகச் சொல்லவில்லை. அவனுக்கும் அலுத்துப் போயிருந்தது. என்ன நடந்தது என்று அவனிடம் அவள் சொன்னதே இல்லை. "ஒரு கேஸு, மனசு கேக்கல," என்பதோடு நிறுத்திக்கொண்டாள்.

கடைசியில் நோட்டில் எழுதும் முறையையே எடுத்துக்கொண்டாள். அதற்குப் பெரிய காரணம் ஒன்றும் கிடையாது. அந்த ஆலோசகர் சீனுவாசன் உட்காரும் இடம் விழுப்புரம் பஸ் ஸ்டாண்டிலிருந்து நடக்கிற தூரம், அவ்வளவுதான்.

சீனுவாசன் கட்டம் போட்ட தாள்கள் கொடுத்தார். எண்ணம், அதற்கு ஆதாரம், எதிரான ஆதாரம். ஜாக்குலின் ஒரு கட்டம்கூட விடாமல் நிரப்பினாள். நோயாளியின் நாடித்துடிப்பும் ரத்த அழுத்தமும் எழுதிப் பழகிய கை. ஐந்தாவது வாரம் அவர் தாள்களைப் புரட்டிவிட்டு மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார்.

"எல்லாம் சரியா எழுதியிருக்கீங்க. ஆனா இதுல நீங்க இல்லியே."

ஒரு வரியைத் தொட்டுக் காட்டினார்.

"'நான் பொய் சொல்லிட்டேன்'னு ஒண்ணு வாராவாரம் வருது. எதிரான ஆதாரம் மட்டும் காலியா இருக்குது."

"அதுக்கு ஆதாரம் இல்ல சார். நெஜமாவே சொன்னேன்."

சீனுவாசன் தாள்களை மடித்து வைத்தார். "தப்பா நெனச்சிக்கினு இருக்கறத மாத்த இந்த நோட்டு ஒதவும். நெஜமா நடந்ததுக்கு வேற வழி பாக்கணும். திண்டிவனத்துல கலையரசின்னு ஒருத்தங்க இருக்காங்க, அந்த மூணாவது முறை செய்யறவங்க. இது ஒத்து வராதது உங்க தப்பு இல்லம்மா."

அது பயமாயிருந்ததால்தான் முதலிலேயே அவள் அதை ஒதுக்கியிருந்தாள். இப்போது பயப்படவும் சலிப்பாயிருந்தது. போனாள்.

மருந்துக் கடைக்கு மாடியில் ஒரு சின்ன அறை. கலையரசிக்கு ஐம்பது வயதிருக்கும். "கண்ணை மூடிக்கங்க. இப்ப நடக்கற மாதிரியே சொல்லுங்க. நிறுத்தணும்னா கையத் தூக்குங்க," என்றார்.

முதல் தடவை பாதியில் கையைத் தூக்கினாள். இரண்டாவது வாரம் முழுதாகச் சொன்னாள்.

பகல் ஒரு மணி. கூட்டேரிப்பட்டு தாண்டி, மல்லாட்டைக் கடலை மூட்டையோடு மொபெட்டில் வந்த மனிதர் லாரியில் அடிபட்டுக் கிடக்கிறார். ஆம்புலன்ஸில் ஏற்றி நெஞ்சை அழுத்திக்கொண்டே போகிறாள். விக்கிரவாண்டி வருவதற்குள் எல்லாம் முடிந்துவிடுகிறது. அப்போது அவர் சட்டைப் பையில் போன் அடிக்கிறது. திரையில் 'வீடு' என்று இருக்கிறது. எடுக்கிறாள்.

"யாரும்மா பேசறது? அவரு எங்க?"

"வண்டி ரிப்பேருங்கம்மா. வந்துடுவாரு."

"அப்ப சோறு எடுத்து வெக்கட்டுமா?"

"வெய்யிங்க."

சொல்லிவிட்டுப் போனை அணைத்துவிட்டாள். போலீஸ் போய்ச் சொன்னபோது மணி நாலாகியிருந்தது.

வாராவாரம் அதையே சொன்னாள். ஒவ்வொரு தடவையும் வீட்டுக்கு வந்ததும் உடம்பெல்லாம் அடித்துப் போட்டதுபோல் வலித்தது. ஆறாவது வாரம், "வெய்யிங்க" என்ற இடத்தில் கலையரசி கேட்டார்: "அதைச் சொல்றப்ப உங்களுக்கு எப்படி இருக்குது?"

இரக்கப்பட்டுச் சொன்னதாகவே இத்தனை நாள் தன்னைத் தேற்றியிருந்தாள். இரக்கப்படுகிறவள் மூன்று மணி நேரம் ஒருத்தியைக் காக்க வைப்பாளா என்று அதே மூச்சில் தன்னைத் திட்டியுமிருந்தாள். இப்போது கண்ணை மூடிக்கொண்டே மெதுவாகச் சொன்னாள்: "தோள் வலிக்குது. காலைல இருந்து இது நாலாவது கேஸு. அந்தம்மா அழுதா அதைக் கேக்க என்னால முடியாது. போன் வெச்சா போதும்னு இருக்குது."

"அவ்ளோதானா?"

"அவ்ளோதான்."

கலையரசி நல்லது என்றும் சொல்லவில்லை, கெட்டது என்றும் சொல்லவில்லை. தண்ணீர் எடுத்துக் கொடுத்தார். ஜாக்குலின் வெகுநேரம் அழுதாள். தன்மேல் இருந்த கோபம் போய்விடவில்லை. ஆனால் அது ஒரு ராட்சசியின்மேல் இல்லாமல், களைத்துப்போன ஒருத்தியின்மேல் இருக்கும் கோபமாக மாறியிருந்தது.

கீழே ஜூட் வண்டியோடு நின்றிருந்தான். எதிர்க்கடையில் டீ வாங்கிக் கொடுத்தான். அங்கேயே நின்று அவனிடம் எல்லாவற்றையும் சொன்னாள். ஆறு வாரம் சொல்லிச் சொல்லி நாக்கு பழகியிருந்ததால் குரல் உடையவில்லை.

ஜூட் டம்ளரைக் கீழே வைக்க மறந்து கேட்டுக்கொண்டிருந்தான். "அந்தம்மா வீடு எங்க, தெரியுமா?"

"ஓமந்தூர் பக்கம்."

"போயி பாக்கணுமா?"

ஜாக்குலின் யோசித்தாள். போனால் அந்த அம்மாவுக்கு நல்லதா, தனக்கு மட்டும்தான் நல்லதா என்று தெரியவில்லை. "இப்ப வேணாங்க. இங்கயே இன்னும் நாலு வாரம் வரச் சொல்லியிருக்காங்க. அதுக்கு அப்புறம் பாக்கலாம்."

"சரி. இந்த மூணுல இதை எடுத்தது நல்லதா?"

"தெரியல. கஷ்டமாத்தான் இருக்குது," என்றாள். "ஆனா வர்றேன்னு சொல்லிட்டேன்."

அவன் வண்டியை எடுத்தான். அவள் பின்னால் ஏறி உட்கார்ந்து, அவன் தோளைப் பிடித்துக்கொண்டாள்.