அடக்கும் செல்களும் தாவோனின் பயமும்

1

இதை எழுதச் சொன்னவள் நொப்பமாஸ். தாய்லாந்தின் மகாசாய் சந்தையில் இறால் கடை வைத்திருப்பவள். ஒவ்வாமைச் சிகிச்சைக்கு வந்தபோது அவளுக்கு ரத்தம் எடுத்த நர்ஸ் நான். “பேரைப் போட்டே எழுதுக்கா” என்றாள்.

முதலில் இப்படித் தொடங்கினேன்: ‘நோயெதிர்ப்புச் செல்கள் ஒரு போலீஸ் படை. அதில் சில செல்கள்...’

(நிறுத்திவிட்டேன். டாக்டர் வீரயுத் படித்துப் பார்த்தார். நான் சொல்லவந்த ஒழுங்குபடுத்தும் செல்கள் தடியைத் தூக்குகிறவை அல்ல, தூக்கிய கையைப் பிடித்து ‘விடுப்பா, இது வெறும் இறால்’ என்கிறவை என்றார். ஒவ்வாமைக்காரர்களின் உடம்பில் அவற்றின் பேச்சு எடுபடுவதில்லையாம்.)

2

கல்யாணத்துக்குப் பிறகுதான் அவளுக்கு இறால் ஒத்துக்கொள்ளாமல் போனது. ஒருநாள் கணவன் தாவோன் இறால் சூப் குடித்துவிட்டு முத்தம் கொடுத்தான். உதடு வீங்கி, தொண்டை அடைத்து, ஊசி போட்டுப் பிழைத்தாள். அன்றோடு தாவோன் இறாலை விட்டான். அவளையும் விட்டான். கடையைத் தானே பார்த்துக்கொண்டான், பாயைத் தனியாக விரித்தான்.

(அவனைக் கல்நெஞ்சனாக எழுதிப் பார்த்தேன். கதை சூடுபிடித்தது. ஆனால் ஒவ்வொரு தடவையும் அவளைக் கூட்டிவந்து, உள்ளே வரப் பயந்து வாசலிலேயே நின்றவன் அவன். எழுதியதை அடித்துவிட்டேன்.)

3

டாக்டர் துளி இறால் பொடியில் தொடங்கி மாதக்கணக்கில் அளவைக் கூட்டினார். வாய் அரித்தது, வயிறு வலித்தது. அவள் விடவில்லை. ரத்தத்தில், தூக்கிய கையைப் பிடித்து அடக்கும் அந்தச் செல்கள் கூடியிருந்தன. அதை மட்டும் நம்ப முடியாது, சாப்பிட்டால்தான் தெரியும் என்றார் டாக்டர். எங்கள் கண்முன்னால் சாப்பிட்டாள். ஒன்றும் ஆகவில்லை. தினமும் கொஞ்சம் சாப்பிட்டு வரணும், நிறுத்தினால் பழையபடி ஆகலாம் என்று சொல்லி அனுப்பினார்.

வீட்டில் தாவோன் நம்பவில்லை.

“அது ஆஸ்பத்திரி. இங்க ஏதாவது ஆச்சுன்னா?”

அவள் இறால் தட்டை அவன் பக்கம் தள்ளினாள். “நீ தின்னு. ருசிக்காகவா நான் இந்தக் கருமத்த இத்தன மாசம் முழுங்கினேன்?”

ஊசிமருந்தை மடியில் வைத்துக்கொண்டு அவன் ஓர் இறாலை உரித்துத் தின்றான். வாய் கொப்பளிக்க எழுந்தவனைச் சட்டையைப் பிடித்து உட்காரவைத்தாள்.

4

முடிவைப் பலவிதமாக எழுதினேன். ஒன்றில் ஆம்புலன்ஸ் வருகிறது. இன்னொன்றில் அவன்...

நேற்று சந்தைக்குப் போய், அவனை உட்காரவைத்த பிறகு என்ன நடந்தது என்று அவளையே கேட்டேன். கடையில் இறால் அள்ளிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் எடை போட்டுக்கொண்டிருந்த தாவோனுக்குக் காது சிவந்தது.

“அதையெல்லாமா எழுதுவ? போக்கா” என்றாள்.

நான் எழுதவில்லை. நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள். ஆம்புலன்ஸ் மட்டும் வேண்டாம்.