தலைமாடு

“அரிசி எடுத்தாடி இளா! வாய்க்கரிசி போட ஜனம் நிக்குது பாரு” என்று பந்தலிலிருந்து அத்தை தில்லையம்மாள் மறுபடியும் குரல் கொடுத்தபோது, இளமதி சமையலறையில் அம்மியின் முன்னால் குந்தியிருந்தாள்.

“தோ வரேன், அத்தை.”

தானே புயல் கடலூர் செம்மண்டலத்தின் மின்கம்பங்களைச் சாய்த்துவிட்டுப் போனதிலிருந்து மிக்சி ஓர் அலங்காரப் பொருளாகியிருந்தது. அதன் ஜாரில் அப்பாவின் மாத்திரைகளைப் போட்டு வைத்திருந்தாள். அந்த மாத்திரைகளையும் பொடித்துத்தான் கொடுக்க வேண்டியிருந்தது.

அப்பாவுக்கு உணவுக்குழாயில் புற்று. விழுங்கும் வழி அடைத்துக்கொண்டே வந்தபோது, புதுச்சேரியில் உள்ளே ஒரு கம்பிவலைக் குழாயை வைத்து அனுப்பினார்கள். “கட்டியா எதுவும் போகக் கூடாதும்மா. ஒரு பருக்கை கூட அடச்சிக்கும். குடுத்ததும் படுக்க வெச்சிடாதீங்க, மேல ஏறிடும்” என்றார் மருத்துவர். சிதம்பரத்தில் ஆசிரியையாக இருந்த இளமதி விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு வந்தாள். குழைந்த கஞ்சியை அரைத்து, அவருடைய பழைய வேட்டித் துண்டில் வடிகட்டி, தேக்கரண்டியால் ஊட்டினாள். ஊட்டியபின் முதுகுக்குத் தலையணைகளை அடுக்கி, சாய்த்து உட்காரவைத்துப் பக்கத்திலேயே காவலிருந்தாள்.

ராஜமாணிக்கம் கடலூர்–சிதம்பரம் தடத்தில் நடத்துநராக இருந்து ஓய்வுபெற்றவர். குரல் தேய்ந்தபின் கட்டில் சட்டத்தை விரலால் தட்டத் தொடங்கினார். ஒரு தட்டு என்றால் நிறுத்து. இரண்டு என்றால் போகலாம். விசில் ஊதிப் பழகியவருக்கு வேறு மொழி தேவைப்படவில்லை. வழியில் எந்தக் கடையில் எது நன்றாயிருக்கும் என்பதை நிறுத்தங்களைப் போலவே வரிசை மாறாமல் சொல்லக்கூடியவர். அவருக்குத்தான் அவள் கஞ்சியை வடிகட்டிக்கொண்டிருந்தாள்.

புயல் ஓய்ந்து பஸ் ஓடத் தொடங்கியதும், திட்டக்குடியிலிருந்து அத்தை வந்தாள், தூக்கு நிறையக் கருவாட்டுக் குழம்புடன். மூடியைத் திறந்ததும் அப்பா கண்ணைத் திறந்தார்.

“ஒரு வாய் சோறு, இளா. மென்னுட்டுத் துப்பிடறேன்.”

“துப்ப மாட்டீங்கப்பா.”

“மாட்டேன்தான்” என்றார், சிரிக்க முயன்று.

பிறகு கட்டில் சட்டத்தில் இரண்டு முறை தட்டினார். இளமதி தூக்கை மூடினாள்.

“பெத்தவனுக்கு ஒரு வாய் சோறு போடக் கூடாதுன்னுதான் உன்னப் படிக்க வெச்சாங்களா?” என்று அத்தை கேட்டாள். மாலையில் திரும்பிப் போகையில் தூக்கு வந்தபடியே கனத்தது. அப்பா அதன்பின் எதையும் கேட்கவில்லை.

இன்று விடியற்காலையில் அவர் இறந்தார். காலை முதல், ஆள் வரும்போதெல்லாம், “பட்டினி போட்டே அனுப்பிட்டாங்களே என் தம்பிய” என்று அத்தை மாரில் அடித்துக்கொண்டாள். வந்தவர்கள் இளமதியைப் பார்த்தார்கள். தான் செய்தது சரி என்பதை அவளால் நிறுவ முடியும். அவர் பசியோடு போகவில்லை என்பதை நிறுவ முடியாது.

அவள் பந்தலுக்கு வந்தபோது பாடை தயாராக இருந்தது. சடங்கு செய்ய வந்த சடையப்பன் அரிசிக்காகக் கையை நீட்டினார். நீட்டிய கை அப்படியே நின்றது.

“என்னாம்மா இது? மாவுத் தண்ணியாட்டம் இருக்குது?”

அப்போதுதான் இளமதியும் டம்ளரைப் பார்த்தாள். அரிசியைக் கழுவி, அரைத்து, துணியில் பிழிந்து, தேக்கரண்டியும் போட்டு எடுத்து வந்திருந்தாள். வேட்டித் துண்டு ஈரமாக அவள் தோளில் கிடந்தது.

“வாய்க்கரிசிய எவளாவது அரைப்பாளாடி…” என்று தொடங்கிய அத்தை டம்ளரைப் பார்த்தாள், தோளிலிருந்த துண்டைப் பார்த்தாள், அம்மி தேய்த்துச் சிவந்திருந்த விரல்களைப் பார்த்தாள்.

“வேற அரிசி கொண்டாறேன்” என்றாள் இளமதி.

“வேணாம். குடு அவனுக்கு.”

“முழு அரிசியா போடறதுதாங்க மொற” என்றார் சடையப்பன்.

“மொறய நாங்க பாத்துக்கறோம். நீ கம்முனு இரு.”

இளமதி குனிந்து, நாடிக்கட்டுக்கு இடையே மூடியிருந்த உதடுகளில் கரண்டியைச் சாய்த்தாள். கடைவாயில் வழிந்ததைத் துண்டின் முனையால், தினமும் துடைப்பதுபோல், கீழிருந்து மேலாகத் துடைத்தாள். அத்தை கரண்டியை வாங்கிக்கொண்டாள். அவளுக்குப் பின் வந்த பெண்களும் அதே கரண்டியால் ஊட்டினார்கள்.

இளமதியின் தம்பி அன்புமணி கொள்ளிச்சட்டியைக் கையில் எடுத்தான். நால்வர் பாடையைத் தூக்கக் குனிந்தார்கள்.

“உடனே வேணாம்” என்றாள் இளமதி. “படுக்க வெச்சபடியே வேணாம். மேல ஏறிடும்.”

“என்னா ஏறிடும்?” என்று கேட்டான் நால்வரில் ஒருவன். பக்கத்திலிருந்தவன் அவன் காலை மிதித்தான்.

எல்லோரும் அத்தையைப் பார்த்தார்கள்.

“தலமாட்ட மட்டும் தூக்கிப் புடிங்கடா” என்றாள் தில்லையம்மாள். “கொஞ்ச நேரம் அப்பிடியே இருக்கட்டும்.”

தலைமாட்டில் நின்ற இருவரும் மூங்கிலை நெஞ்சு உயரத்துக்குத் தூக்கிப் பிடித்துக்கொண்டார்கள். பாடை சரிந்து நின்றது. ராஜமாணிக்கம் மாலைகளுக்கு நடுவே சற்றே நிமிர்ந்து, தெருவுக்கு முகம் கொடுத்து இருந்தார். அவர் கால் பெருவிரல்களைச் சேர்த்துக் கட்டியிருந்த துணியை அத்தை சரிசெய்தாள். அது சரியாகத்தான் இருந்தது. சடையப்பன் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். அன்புமணியின் சட்டியில் புகை குறைந்து, நெருப்பு கனன்றது. மூங்கிலைப் பிடித்திருந்தவர்கள் கை மாற்றவில்லை, யாரும் அவசரப்படுத்தவுமில்லை.

பிறகு இளமதி குனிந்து, பாடையின் மூங்கிலில் விரலால் இரண்டு முறை தட்டினாள்.