பாதி பார்த்து ஊதிய விசில்

வாரத்தில் ஆறு நாள் மூக்குக் கண்ணாடிக் கடையில் உட்கார்ந்து கண்ணாடி தேய்க்கிறவள், ஏழாவது நாள் கால்பந்து மைதானத்தில் நடுவராக வந்து நின்றால் சும்மா விடுவார்களா?

"அக்கா, ஊருக்கெல்லாம் கண்ணாடி போட்டு விடுறீங்க, உங்களுக்கு ஒண்ணு எடுத்துக்கக் கூடாதா?" என்று முதல் ஃபவுலுக்கே அச்சகத்து அணியிலிருந்து ஒரு குரல் வந்தது.

"நாளைக்குக் கடை திறந்திருக்கும், வா தம்பி. முதல்ல உன் கண்ணப் பாத்துடலாம்."

எதிரில் ஆடிய பேருந்துப் பணிமனை அணி விழுந்து விழுந்து சிரித்தது. அவளுக்குப் பேச்சில் தயக்கமே கிடையாது. ஆனால் விசில் விஷயத்தில் லீக் அலுவலகம் வேறு கருத்து வைத்திருந்தது. ஐந்து வருடம் கோட்டோரம் கொடி பிடித்துவிட்டு, நடுவராகத் தேறுவதற்கு இரண்டு முறை சோதனை ஆட்டம் நடத்தினாள். இரண்டு மதிப்பீட்டுத் தாளிலும் ஒரே வரிதான் வந்தது: 'முடிவெடுக்கத் தயங்குகிறார்.' இது மூன்றாவது முறை. இதிலும் தவறினால் மறுபடி விண்ணப்பிக்கவே முடியாது. மைதானத்தின் ஓரத்தில் மடக்கு நாற்காலி போட்டு, மடியில் தாளோடு தேர்வாளர் உட்கார்ந்திருந்தார். ஓய்வுபெற்ற நடுவர், சிரிப்பைச் செலவழிக்காத மனிதர்.

'கடவுளே, இன்னிக்கு ஒரு நாள் மட்டும் என்னைத் தயங்க விடாதே' என்று காலையில் கைகூப்பி வேண்டிக்கொண்டுதான் வந்தாள். கேட்டது அப்படியே கிடைத்தது. தொல்லையும் அங்கேதான் ஆரம்பித்தது.

முதல் பாதியில் பந்து கோட்டைத் தாண்டியபோது, ஓரத்தில் கொடியோடு நின்ற அவள் நாத்தனார் அச்சகத்துக்கு எறிபந்து என்று கொடி காட்டினாள். இவளோ அந்தப் பக்கம் திரும்பியே பார்க்காமல் பணிமனைக்குக் கொடுத்துவிட்டாள். இடைவேளையில் நாத்தனார் தண்ணீர் பாட்டிலை நீட்டினாள், முகத்தைத் திருப்பிக்கொண்டு. "எனக்கு எதுக்கு இந்தக் கொடி? வீட்டுக்கு எடுத்துட்டுப் போய் மேசை துடைக்கலாம்" என்று மட்டும் சொன்னாள்.

ஆட்டம் முடிய ஆறு நிமிடம். ஆளுக்கொரு கோல். பணிமனைக்கு ஒரு கார்னர் கிடைத்தது. பந்து உயர்ந்து வந்தபோது, பணிமனையில் 'ஸ்பிரிங்' என்று பட்டப்பெயர் வாங்கிய பையன் எகிறப் போனான். அச்சகத்தின் தடியன் 'பீரோ' அவன் கையைப் பிடித்துக் கீழே இழுத்தான். பீரோ இழுத்தால் யார் எழும்ப முடியும்? அவள் விசிலை ஊதினாள். ஊதிய வேகத்திலேயே பெனால்டி புள்ளியையும் காட்டிவிட்டாள். ஒரு நொடிகூடத் தயங்கவில்லை.

பணிமனை குதித்தது. பீரோ ஓடிவந்து நெஞ்சைக் காட்டினான். சட்டைக் காலர் பிய்ந்து தொங்கியது.

"இது தானாக் கிழிஞ்சுதாக்கா? வாங்கி ரெண்டு நாள்கூட ஆகல!"

"உன் உடம்புக்கு எந்தச் சட்டைடா தாங்கும்?" என்றான் ஸ்பிரிங்.

அந்தக் காலர் எப்போது கிழிந்தது என்று அவள் பார்க்கவே இல்லை. கொடியின் பக்கம் பார்த்தாள். நாத்தனார் கொடியைத் தாழ்த்தி, தன் காலணியை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஏதோ பார்த்திருக்கிறாள்.

போய்க் கேட்டால் தேர்வாளர் தயக்கம் என்று எழுதுவார். கேட்காவிட்டால் பாஸ். அவர் தலை நிமிர்ந்து அவளையே பார்த்தார். கடவுள் மனிதனுக்கு இரண்டு கண்ணையும் முகத்தின் ஒரே பக்கத்தில் வைத்துவிட்டு, மறுபக்கத்தைப் பார்க்க இன்னொரு மனிதரைப் படைத்திருக்கிறார். அவள் கோட்டை நோக்கி நடந்தாள்.

"நீ என்ன பாத்தே?"

"நடுவர் சொன்னா சொன்னதுதானே, அண்ணி."

"குத்திக் காட்ட இப்ப நேரமில்லடி. பீரோ கையைப் பிடிச்சு இழுத்தது மட்டும்தான் எனக்குத் தெரிஞ்சுது. மத்தப் பக்கம் மறைச்சிடுச்சு. அப்ப உன் கொடியப் பாக்காதது என் தப்புதான். இப்ப சொல்லு."

நாத்தனாரின் முகம் இளகியது. "ஸ்பிரிங் இந்தப் பக்கம் சட்டையக் கொத்தாப் பிடிச்சிருந்தான் அண்ணி. ரெண்டும் ஒரே நேரம், ரெண்டும் ஒரே இழுப்பு. நானும் கொடியத் தூக்கியிருக்கணும். கோவத்துல தூக்கல."

"சரி, ஆளுக்கொரு தப்பு. விடு."

விதி அவளுக்கு மனப்பாடம். இரண்டு அணியும் தவறு செய்தால், முந்தியதைத் தண்டிக்க வேண்டும். ஒரே நேரம் என்றால் கனமானதை. கனமும் சமமென்றால் யாருக்கும் ஃப்ரீ கிக்கும் இல்லை, பெனால்டியும் இல்லை. பந்தைக் கீழே போட்டு ஆட்டத்தைத் தொடர வேண்டும், அதுவும் கோலுக்கு முன்னால் என்றால் கோல்கீப்பரிடம்.

இரண்டு கேப்டன்களையும் இரண்டு குற்றவாளிகளையும் கூப்பிட்டாள். "ரெண்டு பேரும் இழுத்திருக்கீங்க. பெனால்டி கிடையாது. நான் பாதி பாத்துட்டு முழுசா ஊதிட்டேன். மன்னிச்சுக்கங்க."

ஸ்பிரிங் வாயைத் திறந்தான். அவன் கேப்டன் கையமர்த்தினார். "டேய், உண்மையச் சொல்லு. சட்டையப் பிடிச்சியா?"

"லேசாண்ணே."

"லேசாவா? காலரே கையோட வந்துடுச்சு!" என்று பீரோ கத்தினான். கத்தியவனுக்கே சிரிப்பு வந்துவிட்டது. "சரிக்கா, நானும் லேசாத்தான் இழுத்தேன்."

கேப்டன்கள் தலையாட்டினார்கள். அவள் கோல்கீப்பர் முன்னால் பந்தைப் போட்டாள். அதற்குப் பிறகு கோல் விழவில்லை.

கடைசி விசிலுக்குப் பிறகு மடக்கு நாற்காலியை நோக்கிப் போனாள். நாத்தனார் இரண்டடி பின்னால் வந்தாள்.

"அந்த ஒரு முடிவுக்கு எவ்வளவு நேரம் எடுத்தீங்க தெரியுமாம்மா?"

"தெரியலைங்க ஐயா."

"ஐம்பத்திரெண்டு செகண்ட்."

அவர் தாளைத் திருப்பிக் காட்டினார். 'பெனால்டி. தயக்கமில்லாத, சரியான முடிவு' என்று எழுதி, அதன்மேல் ஒரு கோடு அடித்திருந்தது.

"நீங்க ஊதின உடனே இதை எழுதிட்டேன். எனக்கும் இங்கேருந்து அந்த ஒரு கைதான் தெரிஞ்சுது. நீங்க அவங்ககிட்ட போனீங்க, நானும் பேனாவ எடுத்து அடிச்சேன். முப்பது வருஷம் ஊதியிருக்கேன்மா. எத்தனை பாதிய முழுசுன்னு ஊதினேனோ, கடவுளுக்குத்தான் வெளிச்சம்."

கோட்டுக்குக் கீழே மெதுவாக எழுதினார்: 'தெரியாததைத் தெரியாது என்று சொல்லக் கூச்சப்படவில்லை. தேர்ச்சி.'

கையெழுத்துப் போட அவள் பேனாவை வாங்கினாள். பின்னால் நாத்தனார் அதற்குள் போனைக் காதில் வைத்துவிட்டாள்.

"அண்ணா, அண்ணி பாஸு! ... என்னது? யாரு ஜெயிச்சாங்களா? யாரும் ஜெயிக்கலண்ணா. ஆமா, யாருமே ஜெயிக்கல. அதுக்குத்தான் பாஸு!"