ஒரு சாண் கீழே

"டீச்சரம்மா, அந்தக் கண்ணாஸ்பத்திரி லிஃப்டுக்கு புது பிரேக் வந்துடுச்சா?" என்று போனில் கேட்டார் கிரீஸ் அண்ணன்.

"இன்னும் இல்லண்ணே," என்றாள் அவள். எந்த பிரேக், எதற்கு பிரேக் என்று அவளுக்கு ஒரு எழவும் தெரியாது. ஆனாலும் வாய் முந்திக்கொண்டது. அலுவலகத்தில் யார் எதைக் கேட்டாலும் "பாத்துட்டுச் சொல்றேன்" என்பதற்குப் பதிலாக "இன்னும் இல்ல" என்று சொல்லிப் பழகிவிட்ட வாய்.

"மூணு வாரமாச்சேம்மா. லிஃப்ட நிறுத்திதானே வெச்சிருக்காங்க?"

"ம்," என்றாள். போனை வைத்த பிறகுதான் எதற்கு 'ம்' சொன்னோம் என்று யோசித்தாள்.

அவள் ஒன்றும் டீச்சர் கிடையாது. லிஃப்ட் பராமரிக்கும் கம்பெனியில் ஆபீஸ் வேலை. தையல் கடைக்கு மேலே இரண்டு அறை, ஒரு கம்ப்யூட்டர், எட்டு மெக்கானிக்குகள். எட்டுப் பேரும் கைவேலையில் கெட்டிக்காரர்கள். ஆனால் போய் வந்த இடத்தைப் பற்றி இங்கிலீஷில் நாலு வரி எழுதச் சொன்னால் வியர்த்துவிடும். 'ஐ கோஸ் அண்ட் செக். டோர் வாஸ் குளோஸ் குட். ஆயில் ஈஸ் புட்.' அதில் ஒருவன் எதற்கு வம்பு என்று எல்லா வரியிலும் ஒரு 'டிட்' சேர்த்துவிடுவான். 'டிட் வென்ட், டிட் சா, டிட் கேம்.' அவனுக்கு ஆபீஸில் பெயரே டிட்தான். ஒரு தடவை ஏதோ ஒரு கட்டடத்துக்காரர் அறிக்கையில் இருந்த வினைச்சொற்களை எல்லாம் சிவப்பு மையில் சுழித்துத் திருப்பி அனுப்பினார். 'உங்க இங்கிலீஷே இவ்வளவு ரிப்பேர்ல இருக்கு, எங்க லிஃப்ட் எந்த லட்சணத்துல இருக்கும்?' என்று கீழே ஒரு குறிப்பு. முதலாளிக்கு மானம் போய்விட்டது. அன்றிலிருந்து மெக்கானிக் யாரும் நேரடியாக எதுவும் அனுப்பக் கூடாது. அவரவர் ரஃப் நோட்டில் எழுத வேண்டும். அவள் அதைத் திருத்தி, நல்ல தாளில் அடித்து, கட்டடத்துக்கு அனுப்ப வேண்டும். எந்த லிஃப்டையும் நிறுத்தச் சொல்வதானாலும் அந்தத் தாளில்தான் சொல்ல வேண்டும், வாயால் சொல்லக் கூடாது.

சும்மா சொல்லக் கூடாது, ஆரம்பத்தில் அவள் அந்த வேலையை ஆசை ஆசையாகத்தான் செய்தாள். பள்ளிக்கூடத்தில் அவளுக்கு நன்றாக வந்த ஒரே விஷயம் இதுதான். தப்பான வினைச்சொல்லைக் கண்டால் சாதத்தில் கல் கடித்ததுபோல அவளுக்கு நறுக்கென்று இருக்கும். சிவப்புப் பேனாவால் அடித்து மேலே சரியானதை எழுதி, நோட்டைத் திருப்பிக் கொடுத்து, "பாத்துக்குங்க அண்ணே, நேத்து போனதுன்னா கோஸ் வராது" என்பாள். கிரீஸ் அண்ணன் மட்டும்தான் உட்கார்ந்து பார்ப்பார். ஐம்பது வயது ஆள், விரல் ரேகை எல்லாம் கறுப்பு. அடித்த இடத்தைத் தொடாமல், காற்றில் விரலை ஓட்டிப் படித்துவிட்டு, "அடுத்த தடவை பாருங்க டீச்சரம்மா, உங்களுக்கு வேலையே இருக்காது" என்பார். அடுத்த தடவையும் 'ஐ கோஸ்' என்றுதான் வரும்.

இரண்டு வருடத்தில் ஆசை தேய்ந்து பழக்கம் ஆகிவிட்டது. எழுதுவதெல்லாம் ஒரே மாதிரிதானே! கதவு நன்றாக இருக்கிறது, எண்ணெய் போட்டாயிற்று, பிரேக் பார்த்தாயிற்று. பிழையில்லாத நாற்பது வாக்கியங்களைக் கம்ப்யூட்டரில் சேர்த்து வைத்துக்கொண்டாள். பஸ்ஸில் வரும்போதே ரஃப் நோட்டில் சிவப்புப் பேனாவை ஓட்டிவிடுவாள். ஆபீஸ் வந்ததும் கட்டடத்தின் பெயரைப் பார்த்து, சேர்த்து வைத்ததில் பத்து வாக்கியத்தை எடுத்துப் போட்டு அனுப்பிவிடுவாள். வேகத்தில் அவளை அடித்துக்கொள்ள ஆளில்லை என்று முதலாளியே சொல்லியிருக்கிறார்.

அலமாரியில் கிரீஸ் அண்ணனின் நோட்டு இருந்தது. மூன்று வாரத்துக்கு முன்னால்தான் அவரை ஊருக்கு வெளியே ஒரு புதுக் கட்டட வேலைக்கு அனுப்பினார்கள். கிளம்பும் அன்று காலை கொடுத்துவிட்டுப் போனது. கடைசிப் பக்கத்தைத் திறந்தாள். கண்ணாஸ்பத்திரி. முதல் இரண்டு வரி கதவும் எண்ணெயும். மூன்றாவது வரியை ரொம்ப அழுத்தி எழுதியிருந்தார். 'பிரேக் ஸ்லிப். லிஃப்ட் ஒன் சாண் கோ டவுன். டோன்ட் ரன் பிஃபோர் நியூ பிரேக் கம்.'

பிரேக் வழுக்குகிறது. நின்ற இடத்திலிருந்து ஒரு சாண் கீழே இறங்குகிறது. புது பிரேக் வரும்வரை லிஃப்டை ஓட்டாதே.

அவளை உலுக்கியது அது இல்லை. 'ஸ்லிப்' மேல் 'ஈஸ் ஸ்லிப்பிங்' என்று சிவப்பில் எழுதியிருந்தது. 'கோ'வுக்குப் பக்கத்தில் 'ஈ எஸ்' சேர்த்திருந்தது. 'கம்' முடிவில் ஒரு 'எஸ்'. 'சாண்' கீழே கோடு போட்டு, இதற்கு இங்கிலீஷில் என்ன என்று அவரிடம் கேட்க ஒரு கேள்விக்குறி. எல்லாம் அவள் கையெழுத்து. பக்கத்தின் கீழே, பார்த்தாயிற்று என்று அவளுடைய டிக். மூன்று பிழையையும் கண்டுபிடித்துத் திருத்தியிருக்கிறாள், அந்த வரி என்ன சொல்கிறது என்று மட்டும் பார்க்கவில்லை. ஐயோ, என்ன காரியம் செய்து வைத்திருக்கிறேன் என்று வாய்விட்டே சொன்னாள். கம்ப்யூட்டரில் அன்று அனுப்பிய தாளைத் தேடி எடுத்தாள். 'பிரேக் சோதிக்கப்பட்டது. நல்ல நிலையில் உள்ளது.' அழகான இங்கிலீஷ். ஒரு குற்றம் சொல்ல முடியாது.

கண்ணாஸ்பத்திரி அந்தக் கட்டடத்தின் ஐந்தாவது மாடியில் இருக்கிறது. கண்ணில் கட்டோடு இருக்கிறவர்கள் படியில் இறங்க மாட்டார்கள். ஒரு நாளைக்கு எத்தனை பேர்? மூன்று வாரத்துக்கு எத்தனை பேர்? ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டாள். டாக்டரைப் பார்க்க வேண்டுமானால் ஒன்றை அழுத்துங்கள் என்றது ஒரு குரல். அழுத்தினாள். காத்திருக்கவும் என்று சங்கீதம் போட்டது. போட்டுக்கொண்டே இருந்தது.

நோட்டைத் தூக்கிக்கொண்டு முதலாளி அறைக்குப் போனாள். அவர் இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். கத்துவார் என்று எதிர்பார்த்தாள். கத்தவில்லை, எழுந்து போய்க் கதவைச் சாத்தினார். அதுதான் அவளை இன்னும் பயமுறுத்தியது.

"இதை வேற யார் பார்த்தா?"

"யாரும் பாக்கல சார். கிரீஸ் அண்ணன்தான் போன்ல கேட்டாரு."

"சரி. பதறாதே. அவர் எழுதினதைச் சரியா அடி. மூணு வாரத்துக்கு முந்தின தேதி போடு. ஃபைல்ல வெச்சுடு. நாம அனுப்பிட்டோம், அவங்க தொலைச்சுட்டாங்க. முடிஞ்சது."

"சார், லிஃப்ட் ஓடிக்கிட்டிருக்கு."

"திங்கக்கிழமை ஆள் அனுப்பறேன். இன்னிக்கு வெள்ளிக்கிழமை, எல்லாரும் வேலையில இருக்காங்க. மூணு வாரம் ஓடலையா? இன்னும் மூணு நாள் ஓடாதா?" குரலைத் தணித்தார். "நான் உனக்காகத்தாம்மா சொல்றேன். தப்பு உன் பேர்ல இருக்கு. போலீஸ் வந்தா என்னையா கேப்பாங்க?"

அவள் வந்து நாற்காலியில் உட்கார்ந்தாள். அவர் சொன்னதில் பொய் இல்லை. வீட்டுக்காரர் வேலை பார்த்த இடத்தை மூடி நாலு மாதம் ஆகிறது. மகள் பத்தாவது படிக்கிறாள். மூன்று பேருக்கும் இந்த நாற்காலிதான் கதி. வெட்கத்தை விட்டுச் சொன்னால், அவள் அடிக்கவே ஆரம்பித்துவிட்டாள். விரல் பழைய தேதியைப் போட்டது. 'தி பிரேக் ஈஸ் ஸ்லிப்பிங்' என்று அடித்தது. அடுத்த வரியில் சாண் வந்தது. எவ்வளவு என்று கையை மேசைமேல் விரித்து வைத்துப் பார்த்தாள். கட்டைவிரலிலிருந்து சுண்டுவிரல் வரை. நின்ற லிஃப்ட் இவ்வளவு இறங்குமா? அன்றைக்கே இவ்வளவென்றால் இன்றைக்கு எவ்வளவு? நோட்டைப் பைக்குள் திணித்துக்கொண்டு எழுந்தாள். முதலாளியின் கதவு சாத்தியே இருந்தது. தட்டவில்லை.

மூன்று நிறுத்தம் தள்ளித்தான் அந்தக் கட்டடம். பஸ்ஸுக்கு நிற்கப் பொறுமையில்லாமல் ஓட்டமும் நடையுமாகப் போனாள். மணி ஐந்து. தூரத்திலேயே வாசலில் கூட்டம் தெரிந்ததும் விழுந்தடித்து ஓடினாள். கிட்டே போனால் யாரோ காரைக் குறுக்கே நிறுத்தியதற்கு இரண்டு பேர் சண்டை. அப்பாடா என்று இருந்தது. அடுத்த நொடியே அந்த அப்பாடாவுக்காகத் தன்னையே திட்டிக்கொண்டாள்.

உள்ளே லிஃப்டுக்கு முன்னால் ஏழெட்டுப் பேர் நின்றார்கள். எண்கள் ஐந்து, நாலு, மூன்று என்று இறங்கி வந்தன. கதவு திறந்தது. கறுப்புக் கண்ணாடி போட்ட ஒரு பெண்ணும் அவள் அண்ணனோ தம்பியோ ஒருவரும் வெளியே வந்தார்கள். அந்தப் பெண் வாசலில் தடுக்கினாள். "பாத்து வரக் கூடாது?" என்றார் கூட வந்தவர்.

நின்றவர்கள் நகர்வதற்குள் அவள் முன்னால் பாய்ந்தாள். ஒரு காலை உள்ளே, ஒரு காலை வெளியே வைத்து, வாசலை மறித்து நின்றாள். கதவில் ஏதாவது தடுத்தால் லிஃப்ட் கிளம்பாது. இது அவள் நூறு தடவை திருத்திய வாக்கியம்.

"யாரும்மா நீங்க? வழிய விடுங்க," என்று வாட்ச்மேன் ஓடி வந்தார்.

"லிஃப்ட் கம்பெனியிலேருந்து வர்றேன். இதுல யாரும் ஏறக் கூடாது. பிரேக் கெட்டிருக்கு."

"நீங்க மெக்கானிக்கா?"

"இல்ல. நான்..." என்று இழுத்தாள். "நான் அவங்க இங்கிலீஷத் திருத்தறவ."

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். "நல்லாருக்கு கதை," என்றார் வாட்ச்மேன். "பிரேக் நல்லாருக்குன்னு உங்க கம்பெனி குடுத்த தாள் என் மேசைலதான் இருக்கு. ஒரு மெக்கானிக்கும் இப்படித்தான் சொன்னாரு, எழுதிக் குடுங்கன்னேன். எழுத்துல என்ன வந்துச்சு தெரியுமா?"

"தெரியும். அத எழுதினதே நான்தான். அது பொய்."

அதற்குமேல் யாரும் சிரிக்கவில்லை. "மெயின் சுவிட்சை இறக்குங்க," என்றாள். மானேஜர் சொல்லாமல் தொட முடியாது, அவர் ஐந்தாவது மாடியில் இருக்கிறார் என்றார் வாட்ச்மேன். லிஃப்டை ஒரு பார்வை பார்த்தார். பிறகு படி வழியாக ஏற ஆரம்பித்தார்.

கிரீஸ் அண்ணனுக்குப் போன் போட்டாள். "அண்ணே, நான் படிக்கலண்ணே. நீங்க எழுதினத நான் படிக்கவே இல்ல. லிஃப்ட் ஓடிக்கிட்டுதான் இருக்கு," என்று சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது.

அந்தப் பக்கம் ஓடிக்கொண்டிருந்த இயந்திரத்தை யாரையோ நிறுத்தச் சொன்னார். "எழுதிட்டோமேன்னு மூணு வாரமா நிம்மதியா தூங்கினேனேம்மா," என்றார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பாள். "இப்ப எங்க இருக்கீங்க?"

சொன்னாள். அவர் குரல் அடியோடு மாறியது. "ஒரு கால் உள்ளயா? அம்மா, வெளிய வாங்க. அந்த பிரேக்குக்குக் கதவு தொறந்திருந்தா என்ன, மூடியிருந்தா என்ன? அது பாட்டுக்கு இறங்கும். உடனே வெளிய வாங்க!"

"நான் வந்துட்டா இவங்க ஏறிடுவாங்கண்ணே."

"நான் சொல்றதக் கேளுங்க..." கதவு மூட வந்து அவள் தோளில் இடித்தது. போன் கை நழுவி உள்ளே விழுந்தது. குனிந்து எடுக்கப் பயந்து அப்படியே நின்றாள். தரையில் கிடந்த போனிலிருந்து "டீச்சரம்மா, டீச்சரம்மா" என்று சின்னதாகக் கேட்டுக்கொண்டிருந்தது. மேலே யாரோ பொத்தானை அழுத்திக்கொண்டே இருந்தார்கள். ஐந்து என்ற எண் விட்டுவிட்டு எரிந்தது. கதவு மறுபடி வந்து இடித்துவிட்டுப் போனது.

கீழே மருந்து வாங்கிக்கொண்டு திரும்பிய ஒரு வயதானவர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். ஒரு கண்ணில் கட்டு. சொட்டு மருந்து போட்ட இன்னொரு கண் கலங்கி எங்கேயோ பார்த்தது. நடந்தது எதுவும் அவருக்குப் பிடிபடவில்லை போலிருக்கிறது. கையை நீட்டித் துழாவி, அவள் மணிக்கட்டைக் கைப்பிடிக் கம்பி என்று நினைத்துப் பற்றிக்கொண்டார். செருப்பில்லாத காலை மெதுவாக முன்னால் நகர்த்தினார். விரல்கள் தரையின் விளிம்பைத் தாண்டிக் கீழே போய், தேடி, இன்னும் கீழே போய், லிஃப்டின் தளத்தைத் தொட்டன.

"இங்க படி இருக்காம்மா?" என்று கேட்டார். "காலைல ஏறும்போது இல்லியே."