இறால் துள்ளிய மதியம்

அந்த வருஷம் கண்ணப்பனுக்குச் சீட்டில் விழுந்தது கால்வாய்ப் பாடு. சீட்டைப் பிரித்ததும் பக்கத்தில் நின்றவர்கள் துக்கம் விசாரிக்கிற முகத்தோடு அவன் தோளைத் தட்டிவிட்டுப் போனார்கள்.

பழவேற்காடு ஏரியில் நினைத்தவன் நினைத்த இடத்தில் வலை போட முடியாது. ஏரியை இடம் இடமாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் பெயர் வைத்து, யார் எந்த நாளில் எங்கே இறங்குவது என்று ஊரில் சீட்டுப் போட்டு எடுப்பார்கள். அதுதான் பாடு. இன்றைக்கு உன் பாடு என்றால், விடிந்ததிலிருந்து நீ வலையைத் தூக்குகிற வரைக்கும் அந்தத் தண்ணீருக்கு நீதான் ராஜா. நீ தூக்கும் முன்னால் உன் வலையை ஒரு படகும் தாண்டக் கூடாது. ஊர்க்காரன் எவனாவது தாண்டினால் பாடு ஏட்டில் அவன் பெயரை அடித்துவிடுவார்கள். அப்புறம் அவன் ஆயுசுக்கும் ஏரியைக் கரையிலிருந்து வேடிக்கை பார்க்க வேண்டியதுதான்.

ராஜா சரி, ராஜ்யத்தைப் பார்க்க வேண்டாமா? கம்பெனிக் கால்வாய் வந்து ஏரியில் விழுகிற இடம்தான் கால்வாய்ப் பாடு. அங்கே மீனைத் தவிர எல்லாம் கிடைக்கும். கம்பெனியில் என்ன செய்கிறார்கள் என்று ஊரில் யாருக்கும் சரியாகத் தெரியாது. சாயம் என்பான் ஒருவன், மருந்து என்பான் இன்னொருவன். தண்ணீரைப் பார்த்தால் இரண்டு பேர் சொல்வதும் சரி என்றுதான் படும். திங்கட்கிழமை டீத்தண்ணி நிறம், புதன்கிழமை பாசிப்பச்சை, வெள்ளிக்கிழமை யார்மேல் கோபமோ, நுரை தள்ளிக்கொண்டு வரும். ஊரில் பாதிப் பேர் காலண்டர் வாங்குவதையே விட்டுவிட்டார்கள்.

ஆனால் நல்ல கம்பெனி. குறை சொல்லக் கூடாது. மதில் சுவர் நீளத்துக்குச் சிரிக்கிற மீன்களை வரைந்து ‘நீரைக் காப்போம்’ என்று எழுதி வைத்திருக்கிறது. மாதம் ஒரு தடவை தோல் முகாம் நடத்தி இலவசமாகக் களிம்பு கொடுக்கிறது. அந்த டியூப்பிலும் அதே மீன் அதே மாதிரி சிரிக்கும். கண்ணப்பன் மனைவி முனியம்மாவிடம் மட்டும் பதினாலு டியூப் இருந்தது. அவள் சேற்றில் இறங்கிக் கையால் துழாவி இறால் பிடிக்கிறவள். விரல் இடுக்கெல்லாம் வெடித்துக் கிடக்கும். சோறு பிசையும்போது உப்புப் பட்டால் பல்லைக் கடித்துக்கொள்வாள். கண்ணப்பன் அந்த நேரத்தில் அவள் கையைப் பார்க்காமல் வேறு பக்கம் பார்த்துச் சாப்பிடப் பழகியிருந்தான்.

இந்தக் கம்பெனி இப்போது இரண்டாவதாக ஒரு குழாய் போட அனுமதி கேட்டிருந்தது. கேட்டதும் கொடுத்துவிட அரசாங்கம் ஏமாளியா? தண்ணீரை எடுத்துச் சோதிப்போம், சுத்தமாக இருந்தால் இரண்டாவது குழாய், அழுக்காக இருந்தால் முதல் குழாயையும் மூடு என்று சொல்லிவிட்டது. இன்ன தேதி, காலை பத்து மணி முதல் பன்னிரண்டு வரை, கால்வாய் வாயில், அன்றைக்கு அங்கே தொழில் செய்யும் மீனவர் முன்னிலையில், அவர் கையெழுத்தோடு என்று கடிதம் வந்தது. கம்பெனிக்குப் பதினைந்து நாள் முன்னால் வந்தது. ஊருக்கு இரண்டு நாள் முன்னால் வந்தது.

அந்தத் தேதியில் அங்கே கண்ணப்பன் பாடு. துக்கம் விசாரித்தவர்களே இப்போது வீடு தேடி வந்து, “கண்ணப்பா, ஊரே உன் கையில கீது” என்றார்கள். அவன் பழைய நோட்டு ஒன்றை எடுத்து வைத்துக்கொண்டு கையெழுத்துப் போட்டுப் பழக ஆரம்பித்தான். பாடு ஏட்டில் இத்தனை வருஷமும் அவசரமாகக் கிறுக்கியே பழக்கம். அரசாங்கத்துத் தாளில் அப்படிக் கிறுக்கினால் நன்றாகவா இருக்கும்?

சம்பந்தமும் வந்தான். அதே தெருவில் பிறந்தவன், இப்போது கம்பெனியின் மக்கள் தொடர்பு அதிகாரி. படகில் ஏறினாலும் ஷூவைக் கழற்றாதவன். ஆனாலும் பாடு ஏட்டில் தன் பெயரை மட்டும் அவன் விட்டுவிடவில்லை. சம்பளம் கம்பெனியில், மானம் அந்த ஏட்டில்.

“மாமா, நீ ஒண்ணியும் யோசிக்காத. வலையப் போடு, கையெழுத்தப் போடு. அவ்ளோதான்” என்றான்.

“வேற இன்னாத்துக்குடா நான் போறேன்?” என்றான் கண்ணப்பன்.

அன்று விடிந்ததும் படகைத் தள்ளிக்கொண்டு போனவன் கால்வாய் வாயில் அப்படியே நின்றுவிட்டான். தண்ணீரைக் கையில் அள்ளினால் உள்ளங்கை ரேகை தெரிந்தது. கம்பெனி நாலு நாளாகக் குழாயை மூடிவிட்டு, போர்வெல் தண்ணீரை லாரி லாரியாகக் கொண்டுவந்து கால்வாயில் விட்டு அலசியிருக்கிறது. அதுகூடப் பரவாயில்லை. தண்ணீருக்குள் இறால் ஓடியது. மடவை மீன் கூட்டம் கூட்டமாகத் திரும்பி வந்திருந்தது. ஆறு வருஷமாகச் செத்துக் கிடந்த இடம்.

அவனுக்குச் சந்தோஷம் வரவில்லை. நாலே நாள். நாலு நாள் மூடி வைத்தால் போதும், ஏரி தானாகவே திரும்பி வந்துவிடுகிறது. அந்த நாலு நாளைத்தான் ஏரிக்குக் கொடுக்க ஆறு வருஷமாகக் கம்பெனிக்கு மனசு வரவில்லை.

படகு விளிம்பில் உட்கார்ந்து யோசித்தான். கடிதத்தில் பன்னிரண்டு மணி வரைக்கும் என்றுதான் போட்டிருக்கிறது. கம்பெனித் தொட்டி என்ன சமுத்திரமா, நாலு நாள் கழிவைப் பிடித்து வைத்துக்கொண்டு சும்மா இருக்க? பன்னிரண்டு அடித்ததும் திறந்துவிடுவார்கள். அதுவரைக்கும் வருகிற அதிகாரியை இங்கேயே உட்கார வைத்துவிட்டால் போதும். அவன் எழுந்து கழிகளை வட்டமாக நட்டான். சுற்றி வலையைக் கட்டினான். ஒரு பக்கம் மட்டும் படகு நுழைகிற அளவுக்கு வாய் விட்டு வைத்தான்.

சரியாகப் பத்து மணிக்குச் சம்பந்தத்தின் ஃபைபர் படகு வந்தது. அதில் சோதனைக்கு அரசாங்கம் அனுப்பிய எப்சிபா என்று ஒரு இளம் பொறியாளர், மடியில் பெட்டி. மோட்டாரைப் பிடித்தபடி முத்துராஜ், அவனும் ஊர்க்காரன்தான். படகு வலைக்குள் வந்தது. எப்சிபா இரண்டு பாட்டிலில் தண்ணீர் நிரப்பி, அரக்கு வைத்து மூடி, படிவத்தை நீட்டினாள். “ஐயா, இங்க கையெழுத்துப் போடுங்க.”

கண்ணப்பன் கையைத் துடைத்துக்கொண்டு, நாக்கைக் கடித்தபடி, ஒவ்வொரு எழுத்தாகப் போட்டான். பாடு வழக்கம் அவனுக்குத் தெரியாதா? ஏட்டில் முதலில் கையெழுத்துப் போட்டுவிட்டுத்தான் ஏரியில் இறங்குவார்கள். இன்று என் பாடு தொடங்குகிறது என்று அதற்கு அர்த்தம். என்ன கிடைத்தது, என்ன கண்டோம் என்பதெல்லாம் வலையைத் தூக்கிய பிறகு சொல்லுகிற கதை. ஆய்வும் இப்போதுதான் தொடங்குகிறது என்று நினைத்துக்கொண்டு அவன் வலையின் வாயைக் கட்டி மூடினான்.

“கிளம்பலாமா?” என்றாள் எப்சிபா.

“வலை கட்டிட்டேன் மேடம். நான் தூக்குறவரைக்கும் படகு தாண்டக் கூடாது. எங்க ஊரு கட்டுப்பாடு. சம்பந்தத்தக் கேளுங்க.”

முத்துராஜ் மோட்டாரிலிருந்து கையை எடுத்துவிட்டான். சம்பந்தத்தின் முகத்தைப் பார்க்கவே பாவமாக இருந்தது. தாண்டச் சொன்னால் பாடு ஏட்டில் பெயர் போகும். தாண்டாவிட்டால் வேலை போகும். “எப்ப மாமா தூக்குவ?” என்று பல்லிடுக்கில் கேட்டான்.

“மீன் பட்டதும்.”

“அதான் பட்டுக்கினு கீதே!”

“இன்னும் படும்டா.”

எப்சிபாவுக்கு இதில் ஒரு வருத்தமும் இல்லை. அலுவலகத்தில் மின்விசிறி ஓடாது, இங்கே நல்ல காற்று. கொண்டுவந்த புளிசாதத்தைத் தின்றாள். பிறகு படகு விளிம்பில் சாய்ந்து, கையைத் தண்ணீரில் விட்டு அளைந்துகொண்டிருந்தாள். பதினொன்றரைக்குச் சம்பந்தம் செல்போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றான். ஏரி நடுவில் டவர் கிடைக்காது. ஒரு காலைப் படகு விளிம்பில் வைத்து, கழுத்தை நீட்டி, “சார், தொறக்காதீங்க, சார், கேக்குதா, தொறக்காதீங்க” என்று கத்தினான். லைன் அறுந்துவிட்டது.

“எதத் தொறக்க வேண்டாம்கிறீங்க?” என்று எப்சிபா கேட்டாள்.

“வீட்டுக் கதவு மேடம். நாய் கீது.”

நாய் பன்னிரண்டரைக்கு வந்தது. முதலில் ஒரே ஒரு மடவை தண்ணீருக்கு மேலே முழ உயரம் எழும்பி விழுந்தது. வெயிலில் பளிச்சென்று மின்னியது. எப்சிபா சிரித்துக்கொண்டே மற்ற கையால் போனை எடுத்துப் படம் பிடித்தாள். அடுத்துப் பத்து துள்ளின. அப்புறம் எண்ண முடியவில்லை. இறால்கள் வலையைத் தாண்டி வெளியே விழப் பார்த்தன. படகுக்குள் வந்து விழுந்தன, சம்பந்தத்தின் ஷூ மேலும் விழுந்தன. கால்வாயிலிருந்து நாற்றம் வந்தது. அதன் பின்னால் தண்ணீர் வந்தது. திங்கள், புதன், வெள்ளி மூன்றும் ஒன்றாகக் கலந்து, நுரைத்துக்கொண்டு வந்தது. கால் மணி நேரத்தில் துள்ளல் நின்றது. வலை வட்டம் முழுக்க வெள்ளை வயிறாக மிதந்தது.

தண்ணீரில் மறந்து விட்டிருந்த கையை எப்சிபா அப்போதுதான் வெடுக்கென்று வெளியே எடுத்தாள். மணிக்கட்டு வரைக்கும் சிவந்திருந்தது.

கண்ணப்பன் ஜெயித்துவிட்டவன் மாதிரி நிதானமாகச் சொன்னான். “இப்பப் புடிங்க மேடம், பாட்டில்ல.”

“ரெண்டு பாட்டில்தான் குடுத்தாங்க ஐயா. ரெண்டையும் மூடியாச்சு.”

“அதக் கொட்டிட்டு இத ரொப்புங்க.”

“அரக்க ஒடைச்சா செல்லாது.”

“செரி, கண்ணால பாத்தீங்க இல்ல? அத எய்துங்க.”

“படிவம் முடிஞ்சுபோச்சே. நீங்கதானே ஐயா கையெழுத்துப் போட்டீங்க.”

கண்ணப்பனுக்குக் கொஞ்ச நேரம் புரியவில்லை. புரிந்ததும் காதெல்லாம் சூடாகிவிட்டது. “அது ஆரம்பிக்கிறதுக்குப் போட்ட கையெழுத்து மேடம்” என்றான்.

“எங்களுக்குக் கையெழுத்துப் போட்டா முடிஞ்சுதுன்னு அர்த்தம் ஐயா.” அவள் கண் கலங்கியிருந்தது. நாற்றத்தாலா வேறெதனாலா, தெரியவில்லை. “கீழ ‘குறிப்பு’ன்னு ஒரு வரிக்கு இடம் இருக்கு. பார்த்தத அதுல எழுதறேன். சத்தியமா எழுதறேன்.”

கரையில் இறங்கும்போது அவள் கையைச் சொறிந்துகொண்டே இருந்தாள். அங்கே காத்திருந்த முனியம்மா அதைப் பார்த்தாள். இடுப்பிலிருந்து ஒரு டியூப்பை எடுத்து அவள் கையில் திணித்தாள். “வெச்சிக்கோமா. மூணு வேள தடவு. எங்கூட்ல நெறய கீது.” சிரிக்கிற மீனை எப்சிபா கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றாள்.

அவள் சொன்ன சொல்லைக் காப்பாற்றினாள். அதில் அவள்மேல் பழி சொல்ல வழியில்லை. ஒரு வரி இடத்தில் எவ்வளவுதான் எழுத முடியும்? ‘மதியம் 12.30-க்குப் பின் மீன்களும் இறால்களும் பெருமளவில் நீருக்கு மேல் துள்ளின’ என்று எழுதுவதற்குள் இடம் தீர்ந்துவிட்டது. அந்தத் தாள் அவளுக்கு மேலே இருந்தவரிடம் போயிற்று, அவருக்கும் மேலே இருந்தவரிடம் போயிற்று. ஒவ்வொருவரும் மொழிநடையைக் கொஞ்சம் செம்மைப்படுத்தி அனுப்பினார்கள்.

இரண்டு மாதம் கழித்து அறிக்கை ஊருக்கு வந்தது. அரசாங்கத் தமிழைத் தட்டுத் தடுமாறாமல் வாசிக்கத் தெரிந்தவர் இறால் வியாபாரி பஷீர் பாய்தான். வலை பின்னுகிற கொட்டகையில் எல்லாரும் கூடியிருக்க, அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார். தண்ணீர் மிகவும் தூய்மையாக உள்ளது என்று இருந்தது. இரண்டாவது குழாய்க்குத் தடையில்லை என்று இருந்தது. கடைசிப் பத்திக்கு வந்ததும் அவர் குரல் இறங்கிவிட்டது.

“மேலும், கால்வாய் முகத்துவாரத்தில் மீன்களும் இறால்களும் பெருமளவில் துள்ளி விளையாடுவதை ஆய்வுக் குழு நேரில் கண்டு மகிழ்ந்தது.”

“இன்னொரு தபா படி பாய்” என்றான் கண்ணப்பன்.

பஷீர் பாய் இன்னொரு தடவை படித்தார். சம்பந்தம் ஓரத்தில் தலையைக் குனிந்துகொண்டு நின்றிருந்தான்.

முனியம்மா விரல் இடுக்கில் களிம்பைத் தேய்த்துக்கொண்டே சொன்னாள்: “நாளைக்கு நாம துள்ளனாலும், வெளையாடிக்கினு கீறாங்கன்னுதான் எய்துவாங்க.”

பஷீர் பாய் அறிக்கையைக் கண்ணப்பனிடம் நீட்டினார். கடைசிப் பக்கத்தில் அந்த முதல் மடவையின் படம் இருந்தது, வெயிலில் பளிச்சென்று. அதன் கீழே ‘நேரில் கண்ட மீனவரின் ஒப்பம்’ என்று போட்டு அவன் கையெழுத்து. முப்பது வருஷத்தில் அவன் போட்டதிலேயே அழகான கையெழுத்து அதுதான்.